லுன்கோஃப் வீட்டுக் குடிசனக் கணக்கு

பிராங்பேர்ட் விமான நிலையத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கலியாணத்துக்கு என்றேன். யாருடைய கலியாணம்? தங்கச்சியின் மகளுடையது. எப்போது? அந்த இடத்தில்தான் எனக்கு நாக்குத் தடக்கியது. "அது நான் போய்ப் பேசின பிறகுதான் தெரியும்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், கடவுச்சீட்டைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தி, "அப்படியென்றால் நன்றாகப் பேசுங்கள்" என்றார்.

சனம் சொல்கிற சொல்லைப் பொறுக்கிச் சேர்க்கிற ஆள் நான். வந்திறங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் ஒன்று அகப்பட்டது நல்ல சகுனமாகத்தான் பட்டது. அந்த நாட்டில் எனக்குத் தெளிவாக விளங்கிய கடைசி விஷயமும் கிட்டத்தட்ட அதுதான்.

என்னைப்பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்மராட்சிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம அலுவலராக இருந்தவன். விதானையார் என்று கேட்டால்தான் ஊருக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மிச்சத்தைச் சனம் படிப்பித்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், படலையைத் தட்டி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுதுவது என் தொழில். பங்கீட்டு அட்டை, நிவாரண அட்டை, வாக்காளர் இடாப்பு எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டியல்தான் வேர்.

தங்கச்சி மலர் ஜெர்மனியில் ஹம் நகரத்தில் இருக்கிறாள். முப்பது வருஷமாக ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. புருஷன் தங்கராசா, மகள் துளசிக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். துளசி இப்போது ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளர். கன்று போட முடியாமல் தவித்த பசு ஒன்றைப் பார்க்கப்போன இடத்தில் அந்தத் தோட்டத்துப் பெடியனை அவளுக்குப் பிடித்துக்கொண்டது. பெயர் யான். யான் லுன்கோஃப்.

பெடியன் நல்லவன். தாய் தகப்பனும் நல்லவர்கள். நிறம், சமயம், சாதகம் ஒன்றும் பிரச்சினையாகவில்லை. பிரச்சினை பெயரில் வந்தது. கலியாணம் முடிந்ததும் துளசி லுன்கோஃப் ஆக வேண்டும் என்றாள் யானின் தாய் பிறிகிட்டே. தான் தங்கராசாவாகவே இருக்கப்போவதாகச் சொன்னாள் துளசி. சட்டப்படி அவரவர் பெயரை அவரவர் வைத்திருக்கலாமாம். ஆனால் தோட்டத்து வீட்டில் எப்போதும் ஒரே பெயர்தான் இருந்திருக்கிறது, அது ஒத்துவராவிட்டால் தோட்டத்தைப் பிள்ளைகளிடம் கையளிக்கிற கதையை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்றுவிட்டாள் பிறிகிட்டே. எடுக்க வேண்டாமென்றால் வேண்டாம், நாங்கள் நகரத்தில் வாடகைக்கு இருக்கிறோம் என்றாள் துளசி. நடுவில் நின்ற யான் சாப்பிடாமல் இளைத்துப்போனான்.

மலர் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, ஊரையே பேசிச் சமாளிச்சனீங்கள். இவளுக்கு ஒருக்கா வந்து சொல்லுங்கோ. ஒரு பேருக்காக ஒரு பெடியனை விடேலுமோ?"

அதுதான் நான் விமானம் ஏறிய கதை.

முதல் நாளே குழப்பம் வாசலில் தொடங்கியது. மலரின் மாடிக்குடியிருப்பில், அழைப்புமணிக்குப் பக்கத்தில் நாகமுத்து, தங்கராசா என்று இரண்டு பெயர்கள். நாகமுத்து எங்கள் ஐயா. மலரின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர்தான் குடும்பப்பெயர் இடத்தில் ஏறிவிட்டது. துளசிக்கு அவளுடைய தகப்பன் பெயர். கீழ்வீட்டுக் கிழவர் பல வருஷமாக இங்கே இரண்டு குடும்பம் வாழ்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தாராம்.

மலர் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "இந்த வீட்டில இருக்கிறது ரெண்டு பொம்பிளையள். வாசல்ல இருக்கிறது ரெண்டு செத்த ஆம்பிளையள்."

சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்று அதைக் குறித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே துளசியோடு பேச உட்கார்ந்தேன். பெரிய ஆயத்தத்தோடுதான் தொடங்கினேன். பெயர் என்ன பிள்ளை, கூப்பிடுகிறதுக்கு ஒரு வசதி, அவ்வளவுதானே என்றேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டிருந்தாள்.

"மாமா, டொக்டரிட்டப் போனா 'பிறவ் தங்கராசா', அம்மணி தங்கராசா எண்டு கூப்பிடுவினம். வேலையில தங்கராசா. பள்ளிக்கூடத்தில தங்கராசா. ஒவ்வொரு இடத்திலயும் அப்பாவைத்தான் கூப்பிடினம், நான் எழும்பிப் போறன். இஞ்ச அவரைத் தெரிஞ்ச ஆக்கள் ஆர் இருக்கினம்? அம்மாவும் நானும். நானும் பேரை மாத்தினா, பிறகு ஆர் கூப்பிடுறது?"

மலர் அடுக்களையிலிருந்து, "என்ன அண்ணை, சொல்லிப்போட்டியளே?" என்று குரல் கொடுத்தாள். "ஓம், பேசிக்கொண்டிருக்கிறம்" என்றேன். நான் எந்தப் பக்கம் என்பது எனக்கே தெரியாமல் போனது அப்போதுதான்.

அடுத்த நாள் என்னை ஊன்ட்றொப் பகுதி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கால்வாய் ஓரத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம். உள்ளே போனால் நம் வாசம், நம் சத்தம். வெளியே வந்தால் லாரி நிறுத்துமிடம். அர்ச்சனைக்கு ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டபோது மலர், "துளசி, யான்" என்றாள். யானுக்கு என்ன நட்சத்திரம் என்றார் ஐயர். மலர் பிறந்த திகதியைச் சொன்னாள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அம்மனுக்கு ஆளைத் தெரியும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது ஒரு தமிழ்க் கடையில் தேங்காய்ப்பூ வாங்கினோம். கோயிலில் தந்த வாழைப்பழத்தின் தோலை வாசலில் இருந்த முதலாவது குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். கடைக்காரர் ஓடிவந்து அதை எடுத்து வேறு தொட்டிக்குள் போட்டார். "அண்ணை, இஞ்ச குப்பைக்கும் சாதி இருக்கு. மாறிக் கலந்தியளோ, விலக்கி வச்சுப்போடுவினம்." அந்த மனிதரோடு ஒரு நாள் முழுக்க இருந்து பேசலாம். மலர் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் தோட்டத்துக்குப் பயணம். நாலு மணிக்குக் கோப்பியும் கேக்கும் என்று அழைப்பு. ரயிலில் மலர், துளசி, நான். மலர் உழுந்துவடை சுட்டுப் பெட்டியில் கட்டியிருந்தாள். ஒரு நிலையத்தில் ரயில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. பக்கத்துப் பெட்டியில் யன்னலோர இருக்கை வெறுமையாக இருந்ததைக் கண்டு, வெளி பார்க்கலாம் என்று எழும்பிப் போய் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. ரயில் வெளிக்கிட்டது.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால் என் பெட்டிக்குப் பிறகு பெட்டி இல்லை! மலரும் இல்லை, துளசியும் இல்லை, வடையும் இல்லை. அந்த நிலையத்தில் ரயிலை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஓர் ஊருக்கும் மறு பாதியை வேறு ஊருக்கும் அனுப்புகிறார்களாம். அதைத்தான் ஒலிபெருக்கி சொல்லியிருக்கிறது. எங்கள் யாழ்தேவி எவ்வளவு பிந்தினாலும் ஒரே துண்டாகத்தான் பிந்தும்.

எதிரே பின்னல் பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். என் சட்டைப்பையில் இருந்த இலக்கத்துக்குத் தன் தொலைபேசியில் எடுத்து, துளசியோடு பேசி, என்னை அடுத்த நிலையத்தில் இறக்கி, உட்காரும் வாங்கு ஒன்றைக் காட்டி, இங்கேயே இரு என்று கையால் சொன்னார். ரயில் நகரும்போது ஆங்கிலத்தில் ஒரு வசனம் தேடிப் பிடித்துச் சொன்னார்: "எனக்கும் இரண்டு தரம் நடந்தது. இரண்டாம் தரம் புருஷனை வேண்டுமென்றே விட்டேன்." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

என்னை ஏற்ற வந்தவர் யானின் தகப்பன் வெர்னர். பழைய வான், பின்னால் வைக்கோல். அறுபத்தைந்து வயதிருக்கும், மரக்கட்டை மாதிரிக் கை. அவருக்கு ஆங்கிலம் இல்லை, எனக்கு ஜெர்மன் இல்லை. ஆனாலும் அவர் பேசாமல் வரவில்லை. வயலைக் காட்டி ஒரு சொல் சொல்வார், நான் தமிழில் ஒரு சொல் சொல்வேன். உருளைக்கிழங்கு. சோளம். பன்றிக் கொட்டில். பன்றியைப் 'பண்டி' என்று தமிழில் சொன்னபோது திருப்பிச் சொல்லிப் பார்த்தார், வரவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். ஓர் இடத்தில் வானை நிறுத்தி இறங்கி, வேலியோரத்து மரத்தில் பிளம்ஸ் பழம் நாலு பறித்து வந்து, காற்சட்டையில் துடைத்துத் தந்தார். நிலத்துக்காரன் நிலத்துக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கல் வீடு, பெரிய வீடு. முற்றத்தைக் கடந்தால் தோட்டத்து மூலையில் இன்னொரு சின்ன வீடு. பிள்ளைகள் பொறுப்பெடுத்ததும் கிழடுகள் அந்தச் சின்ன வீட்டுக்கு மாறிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம் என்று துளசி சொன்னாள். பிறிகிட்டே உயரமான பெண், கை குலுக்கினால் நம் தோள்மூட்டு வரைக்கும் குலுங்கும். மேசையில் பிளம்ஸ் கேக், கிண்ணம் நிறைய நுரைத்த பாலாடை, பக்கத்தில் எங்கள் வடை. பிறிகிட்டே வடையின் ஓட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, இதற்குள் எதையாவது வைத்துச் சாப்பிடுவதா என்று கேட்டாள். இல்லை, சும்மாதான் ஓட்டை என்று துளசி விளக்கினாள்.

கேக் பாதியில் இருக்கும்போதே பிறிகிட்டே தடித்த கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மாமா ஊரில் இந்த வேலைதான் செய்தவர் என்று துளசி எப்போதோ சொல்லியிருக்கிறாள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வீட்டில் எடுத்த குடிசனக் கணக்குப் பட்டியல்களின் பிரதி. மூன்று தரம் எடுத்தது. இடப்பக்கம் பழைய கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. வலப்பக்கம், அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தட்டச்சில் அடித்துக் கொடுத்தது. பிறிகிட்டே முதல் பக்கத்தில் விரலை வைத்து, பின் இரண்டாவதில், பின் மூன்றாவதில் வைத்து, ஒவ்வொரு தரமும் ஒரே சொல்லைச் சொன்னாள். லுன்கோஃப். லுன்கோஃப். லுன்கோஃப்.

துளசி கேக்கை முள்ளுக்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டியல் என்றால் பட்டியல்தானே! குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது, வேலையாட்கள், குதிரை எத்தனை, மாடு எத்தனை. எங்கள் ஊர்ப் படிவத்தை அப்படியே உரித்துவைத்தது போல. துளசியை வாசிக்கச் சொன்னேன்.

முதல் பட்டியலில் தலைவர் அன்டன் லுன்கோஃப், வயது முப்பத்தொன்பது. மனைவி எலிசபெத், முப்பது. மூன்று பிள்ளைகள், மூத்தவள் கத்தரீனா. சின்ன வீட்டில் ஒரு கிழவர். வேலையாட்கள் நாலு பேர். இரண்டாவது பட்டியல் ஒன்பது வருஷம் கழித்து. தலைவர் பேர்ண்ஹார்ட் லுன்கோஃப், முப்பத்தேழு. மனைவி எலிசபெத், முப்பத்தாறு.

"பொறு பிள்ளை," என்றேன். "ஒன்பது வருசத்தில மனிசிக்கு ஆறு வயதுதான் கூடியிருக்கோ?"

துளசி மொழிபெயர்த்ததும் பிறிகிட்டே சிரித்துவிட்டாள். எங்கள் ஊரிலும் பெண்கள் அட்டைக்கு அட்டை இளமையாகிக்கொண்டு வருவார்கள், நான் கேள்வி கேட்காமல் எழுதிவிடுவேன் என்று சொன்னேன். இன்னும் சிரித்தாள். மலரின் முகம் மலர்ந்தது. அண்ணை வந்த வேலையை முடித்துவிடுவார் என்று நினைத்திருப்பாள்.

ஆனால் எனக்கு வேறொன்று இடித்தது. மனைவி ஒருத்தியேதான், புருஷன் எப்படி வேறு? அன்டனின் தம்பியோ இந்தப் பேர்ண்ஹார்ட்? முதல் பட்டியலுக்குத் திரும்பி ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினேன். அட்டையில் ஓரிடத்தில் காணாமல்போன ஆளை இன்னோரிடத்தில் தேடிப் பிடிப்பதுதானே என் பிழைப்பு. அகப்பட்டார். வேலையாட்கள் நாலு பேரில் இரண்டாவது: பேர்ண்ஹார்ட், இருபத்தெட்டு. ஒன்பதைக் கூட்டினால் முப்பத்தேழு. ஆம்பிளையின் வயது மட்டும் அச்சொட்டாகக் கூடியிருந்தது.

"இவர் வேலைக்காரரெல்லோ?" என்றேன்.

பிறிகிட்டே கொஞ்சமும் அசரவில்லை. ஓம், அன்டன் செத்துப்போனார், தோட்டத்துக்கு ஒரு ஆம்பிளை தேவைப்பட்டது, எலிசபெத் அவரைக் கட்டினாள் என்றாள். அப்படியென்றால் வேலைக்காரர் எப்படி லுன்கோஃப் ஆனார்? தோட்டத்துக்கு வருகிறவர் தோட்டத்தின் பெயரைத்தான் எடுப்பார், அந்தக் காலத்து வழக்கம் அப்படி. முன்பிருந்த பெயர்? பிறிகிட்டே தோளைக் குலுக்கினாள். சரி, முதல் புருஷன் அன்டன்? அவரும் வெளியால் வந்தவர்தான். சின்ன வீட்டில் இருந்த கிழவர் எலிசபெத்தின் தகப்பன். மூன்றாவது பட்டியலில் தலைவர் யொஹான் லுன்கோஃப். அவர் கட்டியது முதல் பட்டியலில் சின்னப் பிள்ளையாக இருந்த கத்தரீனாவை. அவரும் வெளியாள். எலிசபெத் இப்போது சின்ன வீட்டில், விதவை என்று பதிந்திருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. மூன்று பட்டியல், மூன்று தலைவர்கள், மூவரும் வந்து சேர்ந்தவர்கள். வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரிப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். வீட்டோடு அசையாமல் இருந்தது பெண்கள்!

"எடி மலர், இது எங்கட முறையெல்லே!" என்று கத்தியே விட்டேன். "வீடு பொம்பிளைப்பிள்ளைக்கு. மாப்பிளை வந்து இருக்கிறவர்."

யாழ்ப்பாணத்தில் இது ஒரு விஷயமே இல்லை. வீடு வளவு சீதனமாகப் பெண்ணுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பார், கௌரவத்தோடுதான் இருப்பார். நானே என் மனிசியின் வீட்டில்தான் இருக்கிறேன். படலையைத் தட்டினதும் நான் கேட்கிற முதல் கேள்வி, வளவு ஆரின்ரை, ஆணின்ரையோ பெண்ணின்ரையோ என்பதுதான். அந்தப் பழக்கத்தில், மனம் நிறைந்து போய், எதிரே இருந்த வெர்னரைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்:

"அப்ப நீங்கள்? வீடு உங்கடையோ, அவவின்ரையோ?"

துளசி என் முழங்கையைப் பிடித்தாள். "மாமா, அதைக் கேக்கக்கூடாது."

"ஏன், என்ன பிழையாக் கேட்டுப்போட்டன்?"

யான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்னர் துளசியைப் பார்த்து ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கச் சொல்கிறார் என்று எனக்கே விளங்கியது. துளசி மெல்லிய குரலில் சொன்னாள். வெர்னர் கோப்பியை ஒரு மிடறு குடித்து, கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார். பிறகு பேசினார். வானில் ஒவ்வொரு சொல்லாகப் பேசிய மனிதர், இப்போது வசனம் வசனமாக. துளசி எனக்கும் மலருக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"வீடு பிறிகிட்டேயின்ரயாம். தான் வந்தவராம். தன்ர பேர் பெக்கராம். கலியாணத்தண்டு மாத்தினதாம்... தன்ர அப்பா செருப்புத் தைக்கிறவராம். அவர் சாகுமட்டும் கடிதம் போட்டா, மேல 'வெர்னர் பெக்கர்' எண்டுதான் எழுதுவாராம். தபால்காரன் ஒண்டும் கேக்காமல் கொண்டுவந்து குடுப்பானாம்." அவள் நிறுத்தினாள். வெர்னர் இன்னும் ஏதோ சொன்னார். "அப்பா போன பிறகு அந்தப் பேருக்கு ஒரு கடிதமும் வரேல்லையாம்."

பிறிகிட்டே புருஷனைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அவர் ஒரு மறுமொழி சொன்னார். இரண்டும் மிகச் சின்ன வசனங்கள். துளசி மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்ட பிறகுதான், காதுக்குள் சொன்னாள்: "'நீ ஒருநாளும் சொல்லேல்லையே' எண்டு அவ கேக்கிறா. 'நீ ஒருநாளும் கேக்கேல்லையே' எண்டுறார்."

கோப்பு மூடப்பட்டது. மிச்சக் கேக்கைத் தாளில் சுற்றித் தந்தார்கள். யாரும் கோபப்படவில்லை. யாரும் பேசவுமில்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. எங்கள் ஊரிலென்றால் இந்நேரம் யாராவது ஒருவர் எழும்பிக் கத்தியிருப்பார், சங்கதி வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

திரும்புகிற ரயிலில் மலர் என்னைத் தன் இருக்கையிலிருந்து அசையவிடவில்லை. வெட்டுவதற்கு இன்னொரு நிலையம் இருக்கக்கூடும் என்ற பயம். வாயையும் அவள்தான் திறந்தாள்.

"ஒரு கலியாணத்தைப் பேசிப் பொருத்தி வையுங்கோ எண்டு கூப்பிட்டனான். நீங்கள் முடிஞ்ச கலியாணத்தையெல்லோ பிரிச்சுப்போட்டு வாறியள்!"

"நான் என்ன கண்டன், தங்கச்சி? சாதாரணமாக் கேட்டனான்."

"சாதாரணமாக் கேட்டாராம். விதானை வேலையை ஊரில வச்சுப்போட்டு வந்திருக்கலாமெல்லே."

துளசி யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். ஏனென்று கேட்டால் தெரியாது என்றாள். பிறகு உண்மையாகவே அழுதாள். அதற்கும் ஏனென்று தெரியாது என்றாள்.

இரண்டு நாள் தோட்டத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. யான் வேலைக்குப் போகிறான், வருகிறான், வீட்டில் தாயும் தகப்பனும் மரியாதையாக ஒருவரையொருவர் உப்பை எடுத்துத் தரச் சொல்கிறார்கள் என்று துளசிக்குச் செய்தி அனுப்பினான். வியாழக்கிழமை நகர மண்டபத்தில் கலியாணப் பதிவுக்கு டெர்மீன், அதாவது நேரம் குறித்த சந்திப்பு. இரண்டு மாதம் முந்தி எடுத்தது. இந்த நாட்டில் செத்தாலும் டெர்மீனுக்குப் போய்விட்டுத்தான் சாகவேண்டும் என்றாள் மலர்.

புதன்கிழமை மத்தியானம் அழைப்புமணி அடித்தது. பிறிகிட்டே, தனியாக. வாசலில் நின்று இரண்டு பெயர்களையும் வாசித்துக்கொண்டிருந்தாள். மலர் பதறிப்போய் இடியப்பமும் சொதியும் வைத்தாள். பிறிகிட்டே முள்ளுக்கரண்டியால் இடியப்பத்தைச் சுருட்டிப் பார்த்தாள், அது உடைந்து உடைந்து விழுந்தது. கையால் சாப்பிடலாமா என்று கேட்டாள். சாப்பிட்டாள், முழங்கை வரைக்கும் சொதி ஓடியது.

சாப்பிட்டு முடித்து, துளசியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். தங்கராசா எப்படிப்பட்ட மனிதர்?

துளசி தாயைப் பார்த்தாள். மலர் கையைச் சீலைத்தலைப்பில் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் தானே சொல்லத் தொடங்கினாள். உணவகத்தில் கோப்பை கழுவியதை, பனிக்காலத்தில் சைக்கிளில் போனதை, பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியாமல் கோணலாகப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியதை. கோணல் பின்னலைக் கையால் காட்டினாள். எனக்குச் சொல் விளங்கவில்லை. ஆனால் தங்கச்சி தன் புருஷனைப்பற்றி இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

பிறிகிட்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பி, கை கழுவி, மூவருக்கும் கை குலுக்கிப் போய்விட்டாள்.

"என்ன சொல்லிப்போட்டுப் போறா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை மாமா."

"ஓமோ, இல்லையோ?"

"எனக்கும் விளங்கேல்லை."

வியாழக்கிழமை. பதிவுக்குப் போகவேண்டியது இரண்டு பேர். போனது ஆறு பேர். மலர் காஞ்சிபுரம் உடுத்திருந்தாள். இது கலியாணம் இல்லை, படிவம் நிரப்புகிற அலுவல்தான் என்று துளசி சொன்னதை அவள் கேட்கவில்லை. வெர்னர் கோட்டுப் போட்டிருந்தார். அவரும் பிறிகிட்டேயும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். எனக்கு அவரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் என்னைக் கண்டதும் அன்று வானில் சொல்லிக்கொடுத்த சொல்லைச் சத்தமாகச் சொன்னார். "பண்டி!" இந்த முறை திருத்தமாக வந்தது. நடைவழியில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பதிவாளர் ஓர் இளம் பெண். ஆறு பேரையும் கண்டதும், "இதில் யார் யாரைக் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டாளாம். கதிரை போதாமல் நாங்கள் சுவரோடு நின்றோம். பத்திரங்களைப் புரட்டினாள், தட்டச்சினாள், கடைசியில் பெயர் விஷயத்துக்கு வந்தாள். கலியாணத்துக்குப் பிறகு எப்படி?

துளசி, "தங்கராசா," என்றாள். யான், "லுன்கோஃப்," என்றான். அவரவருக்கு அவரவர் பெயரா? ஓம், அவரவருக்கு அவரவர் பெயர்.

நான் பிறிகிட்டேயைப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவாளர் தட்டச்சினாள். அடுத்தது, கலியாணத்துக்குப் பிறகு குடியிருக்கப்போகும் விலாசம்? யான் நகரத்து வாடகை வீடு ஒன்றின் தெருவைச் சொல்லத் தொடங்கினான். பாதியில் பிறிகிட்டே குறுக்கிட்டாள். யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே ஒரு விலாசம் சொன்னாள். தெரு, இலக்கம், தபால் குறி எல்லாம் ஒழுங்காக. மலர் என் கையை நுள்ளினாள். அது தோட்டத்து விலாசம்.

பதிவாளர் யானைப் பார்த்தாள். யான் தாயைப் பார்த்தான். துளசி, "ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஜெர்மனில் திரும்பச் சொன்னாள்.

எல்லாம் முடிந்தது என்று எழும்பும்போது, சுவரோரம் நின்ற வெர்னர் வகுப்பில் பிள்ளை தூக்குகிற மாதிரி ஒரு விரலைத் தூக்கினார். ஒரு கேள்வி கேட்டார். பதிவாளர் கொஞ்சம் யோசித்து, மறுமொழி சொல்லி, இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

நடைவழிக்கு வந்த பிறகுதான் துளசி எங்களுக்குச் சொன்னாள். "தன்ர பழைய பேரை, இப்ப இருக்கிற பேரோட சேர்த்து வைக்கேலுமோ எண்டு கேட்டவர். ஏலுமாம். எப்பவும் ஏலுமாம், இவ்வளவு வருசமும் ஏலுமா இருந்ததாம். இந்தத் தாளை நிரப்பிக் குடுத்திட்டு, ஒரு டெர்மீன் எடுத்து வந்து கையெழுத்து வைக்கவேணுமாம்."

வெர்னர் தாளைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் நின்றார். கோட்டின் உள்பையிலிருந்து பேனையை எடுத்தார். நிரப்ப வசதியாக அங்கே ஒரு மேசை இல்லை. சுவரில் வைத்துப் பார்த்தார், சுவர் சொரசொரவென்று இருந்தது, பேனை தாளைக் குத்தியது. முழங்காலில் வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்புகிறேன் என்பதுபோல் தாளை மடிக்கத் தொடங்கினார்.

பிறிகிட்டே கைப்பையை மலரிடம் கொடுத்தாள். புருஷனுக்கு முன்னால் போய் நின்று, திரும்பி, இடுப்பை வளைத்துக் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டாள். அவளுடைய அகன்ற முதுகு மேசை மாதிரி நின்றது.

வெர்னர் தாளை அதன் மேல் விரித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அவள் அசையவில்லை.